திருகோணமலையிலிருந்து ஏற்றுமதி: முதல் கேள்வியை யாரிடம் கேட்பது?

பொருள் கையில் இருக்கிறது, வெளிநாட்டில் வாங்குகிறேன் என்று சொல்லும் ஆளும் இருக்கிறார், ஆனால் எங்கே போய் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை என எழுதுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நிலாவெளிப் பக்கம் பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண்கள், மூதூரில் எள்ளுருண்டை பிடித்து விற்கும் குடும்பம், கிண்ணியாவில் கருவாடு போடுகிறவர், தம்பலகாமத்துச் சிவப்பரிசியை மாவாக்கி வறுத்துப் பொதி செய்கிறவர். ஆளுக்கொரு பொருள் என்றாலும் எல்லோருக்கும் ஒரே தடுமாற்றம். கொழும்புக்குப் போய் ஏற்றுமதிச் சபையில் பதிந்தால் எல்லாம் சரி என்கிறார் ஒருவர். சபையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நல்ல ஏஜென்டைப் பிடி என்கிறார் இன்னொருவர். லண்டனில் இருக்கும் மாமாவோ, "நீ பெட்டியைக் கட்டி அனுப்பு, மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்கிறார்.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு தெரியும், அந்தத் துண்டை முழுதென்று நினைத்துச் சொல்கிறார்கள். ஆகவே எந்தக் கேள்விக்கு எந்தக் கதவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் நமது ஊரைப் பற்றி ஒன்று. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம் வாசலில் இருப்பதால், பெட்டி இங்கிருந்தே கப்பலேறும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே வருவது பெரும்பாலும் மொத்தச் சரக்கு: சீனக்குடா பிரிமா ஆலைக்குக் கோதுமை, சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள். நம்முடைய பத்துப் பெட்டியும் இருபது பெட்டியும் லொறியில் ஏறி, ஏறக்குறைய 260 கிலோமீட்டர் கடந்து, கொழும்புத் துறைமுகத்துக்கோ கட்டுநாயக்காவுக்கோ போகத்தான் வேண்டும். அலுவலகங்களும் அந்தப் பக்கம்தான். இனி வரும் ஒவ்வொரு வழியிலும் இந்தத் தூரத்தின் செலவு ஒளிந்திருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விடயம் பார்க்கிறேன்.

ஒன்று, சொல்லப்படும் தகவல் என் பொருளுக்கும் நான் அனுப்பும் நாட்டுக்கும் உரியதா, அல்லது பொதுப் பேச்சா. "ஐரோப்பாவுக்குத் தரம் வேண்டும்" என்பது தகவல் அல்ல. கச்சானை நேரடியாக உண்ண விற்பதென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நச்சு மொத்தமாக ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தகவல்.

இரண்டு, செலவு. கட்டணத்தை மட்டும் சொல்லவில்லை. கொழும்புப் பயணம், அந்த நாள் கடையைப் பூட்டியது, திரும்பப் போகவேண்டி வந்தது எல்லாம் சேர்த்து.

மூன்று, மொழி. தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்க முடியுமா.

நான்கு, சொல்கிறவருக்கு இதில் விற்பனை இருக்கிறதா.

ஐந்தாவதைத்தான் யாரும் கேட்பதில்லை: இவர் சொன்னது பிழைத்தால் நட்டம் யாருடைய பையிலிருந்து போகும்? அரசு அலுவலரின் பையிலிருந்து போகாது. ஏஜென்டின் பையிலிருந்தும் போகாது, திருப்பி அனுப்பப்பட்ட பெட்டிக்கும் அவர் கூலி எடுப்பார். வாங்கும் ஆள் முன்பணம் கட்டியிருந்தால் அவர் பையும் சேர்ந்து நோகும், அதனால் அவர் சொல்லும் தகவலில் கவனம் அதிகம் இருக்கும். மற்ற நான்கையும் விட இந்த அளவுகோலுக்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்.

## ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் வர்த்தகத் திணைக்களமும்

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் அநேகம். இலங்கை ஏற்றுமதி அபிவிருத்திச் சபை 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அது வளர்த்துவிடும் இடம்: பயிற்சி, சந்தை அறிமுகம், வெளிநாட்டுக் கண்காட்சிகளில் பங்கேற்க உதவி, வாங்குவோரோடு சந்திப்பு, ஏற்றுமதியாளர் பெயர்ப்பட்டியல். வர்த்தகத் திணைக்களம் கடதாசி தரும் இடம்: பொருள் இந்த நாட்டில் உருவானது என்று காட்டும், சலுகை வரிக்கான பிறப்பிடச் சான்றிதழ், இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம், சாஃப்டா என்ற தெற்காசிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் போன்றவற்றின் விதிகள், வெளிநாட்டுத் தூதரகங்களில் உள்ள வணிகப் பிரிவுகளோடு தொடர்பு. சபை நவம் மாவத்தையில், திணைக்களம் வொக்ஸ்ஹோல் வீதியில் ரக்ஷண மந்திரயவில். இரண்டும் கொழும்பு 2 என்பதால் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இவர்களிடம் போவதன் பெரிய நன்மை, உங்களுக்கு எதையும் விற்க அவர்களுக்குத் தேவை இல்லை என்பதுதான். உங்கள் பெட்டி எவ்வளவு கனமாக இருந்தாலும் அவர்களுக்குக் கொமிஷன் கிடையாது. சலுகை வரி பற்றிய விளக்கத்துக்கு வர்த்தகத் திணைக்களத்தை விட நம்பகமான இடம் நாட்டில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தரும், 2017 மே மாதம் திரும்பக் கிடைத்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொதியின் மதிப்பு 6,000 யூரோவைத் தாண்டினால் ரெக்ஸ் என்ற ஒன்றியத்தின் பதிவு முறையில் பதிந்த ஏற்றுமதியாளர்தான் பிறப்பிடக் கூற்றை எழுதலாம். அதற்குக் கீழே என்றால் பதிவு இல்லாமலே எழுதலாம். ஆரம்பத்தில் நாம் அனுப்பும் அளவெல்லாம் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். இதைத் தெரியாமல் "சான்றிதழ் எடுத்துத் தருகிறேன்" என்று வருகிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம். இன்னொன்று: வரிச் சலுகை முதலில் போய்ச் சேர்வது அங்கே வரி கட்டும் இறக்குமதியாளருக்கு. விலை பேசும்போது நீங்கள் அதை எடுத்துச் சொன்னால்தான் அதில் ஒரு பங்கு உங்களுக்கு வரும்.

குறை என்ன? முதலாவது, அதிகாரம் பிரிந்து கிடக்கிறது. சபைக்கு மட்டும் போனால் வேலை முடியாது. மீன் என்றால் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களம், தேங்காய்ப் பொருள் என்றால் தெங்கு அபிவிருத்தி அதிகாரசபை, பனைப் பொருள் என்றால் வழிகாட்டலுக்கு யாழ்ப்பாணத்திலுள்ள பனை அபிவிருத்திச் சபை, இலை தழை விதைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் தரக் கட்டுநாயக்காவில் தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை. ஒவ்வொன்றும் வேறு வாசல். இரண்டாவது, அவர்கள் சொல்வது இந்த நாட்டு விதி. அந்த நாட்டில் பெட்டியைத் திறக்கும் அதிகாரி என்ன பார்ப்பார் என்பது பல வேளைகளில் அவர்கள் மேசையில் இராது. மூன்றாவது, மறைந்த செலவு. இரவு ரயிலில் போய் இறங்கினால் உரிய அலுவலர் கூட்டத்துக்குப் போயிருப்பார். பக்கத்து மேசையில் இருப்பவர் படிவத்தைத் தருவார். கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது.

அதற்கு என் யோசனை, நேரில் போவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கேள்வியைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். எழுதியதற்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. பதில் ஒரு கிழமை தாமதித்தாலும் கையில் எழுத்தாக இருக்கும், பின்னர் சுங்கத்தில் ஒருவர் வேறு மாதிரிச் சொன்னால் காட்டலாம். எந்த அலுவலகம் என்றே தெரியாதபோது 1919 இலக்கத்துக்கு எடுத்தால் அரச தகவல் நிலையத்தில் தமிழில் பேசலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுதொழில் அபிவிருத்தி அலுவலரையும் விட்டுவிடாதீர்கள். அவருக்கு ஏற்றுமதி தெரிந்திருக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் கொழும்பில் யாரை எடுத்தால் மறுமுனையில் தொலைபேசியைத் தூக்குவார்கள் என்பது தெரிந்திருக்கும்.

## ஏஜென்டும் கார்கோக் கம்பனியும்

சுங்கப் பிரகடனத்தை நிரப்பிக் கப்பலில் அல்லது விமானத்தில் ஏற்றுகிறவர் இவர். முதல் பொதியை இவரில்லாமல் அனுப்புவது கடினம். ஆகவே இவரை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கத் தேவையில்லை. இவரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இவருக்கு நன்றாகத் தெரிந்தது: எந்தக் கடதாசி எந்த வரிசையில், கப்பல் எந்த நாள், சுங்கத்தில் இந்த மாதம் எதைக் கிண்டிக் கேட்கிறார்கள். மரப் பலகைத் தட்டில் ஏற்றினால் அந்தப் பலகை வெப்பமூட்டிப் பதப்படுத்தி முத்திரை இட்டதாக இருக்கவேண்டும் என்பதுபோன்ற, எந்தக் கையேட்டிலும் கண்ணில் படாத விடயங்களை இவர்தான் சொல்வார். தெரியாதது: உங்கள் பொருள் அங்கே விலைபோகுமா, லேபிள் செல்லுமா. கேட்டால் "பிரச்சினை வராது" என்பார். அதை நம்பி எதையும் அச்சடிக்காதீர்கள்.

மறைந்த செலவு முழுதும் கனவளவில் இருக்கிறது. பனையோலைப் பெட்டிக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். 60 சதமமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரமுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் ஓலைச் சாமான் அடுக்கினால் ஐந்து கிலோதான் நிறுக்கும். கூரியரில் விலை போடும்போது நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி வழக்கமாக 5,000ஆல் பிரிப்பார்கள்: 96,000ஐப் பிரித்தால் 19.2 கிலோ. விமானச் சரக்கில் 6,000ஆல் பிரிப்பார்கள்: 16 கிலோ. ஐந்து கிலோவை அனுப்பிவிட்டுப் பத்தொன்பது கிலோவுக்குக் காசு கட்டுகிறீர்கள். அதே அட்டைப்பெட்டி பத்தைச் சேர்த்தால் 0.96 கன மீற்றர். பகிர்வுக் கொள்கலனில், அதாவது பலருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றும் முறையில், கட்டணம் பெரும்பாலும் ஒரு கன மீற்றரை மிகக்குறைந்த அளவாக வைத்துத்தான் கணக்கிடப்படும். பத்துப் பெட்டி அந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஓலைச் சாமானுக்குக் கடல்தான் வழி. விமானத்தில் போனால் இழைத்த பெண்களின் கூலி முழுதும் காற்றுக்குப் போய்விடும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி அளவு மாற்றி இழைத்தால் அதே இடத்தில் இரண்டு மடங்கு சாமான் போகும். இதை ஏஜென்ட் சொல்லமாட்டார், கனவளவு கூடினால் அவருக்கு நட்டமில்லை.

விலை கேட்கும்போது இரண்டு முனையையும் கேளுங்கள். கொழும்பில் ஏற்றும் வரைக்கும் எவ்வளவு, அங்கே இறங்கியபின் யார் எவ்வளவு கட்டவேண்டும். பகிர்வுக் கொள்கலனில் ஏற்றுகூலியை மிகக் குறைவாகக் காட்டி, அங்கே இறக்கும் கட்டணத்தில் வாங்குகிறவரிடம் கறப்பது பழைய வித்தை. முதல் பொதியிலேயே வாங்குகிறவர் வெறுத்துப்போவது இதனால்தான். எந்த இடத்தில் உங்கள் பொறுப்பு முடிகிறது என்பதை இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வர்த்தகச் சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரைதான் உங்கள் செலவு) என்றும் வாங்குகிறவர் சிஐஎஃப் (கப்பல் கூலியும் காப்புறுதியும் உங்கள் செலவு) என்றும் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் கிடக்கும் கப்பல் கூலி உங்கள் தலையில்தான்.

அமெரிக்காவுக்குச் சின்னப் பொதிகளாகத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பலாம் என்று இன்னும் பழைய கதை சொல்கிறவர்கள் உண்டு. 800 டொலருக்குக் கீழ்ப்பட்ட பொதிக்கு வரி இல்லை என்ற சலுகையை அந்நாடு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதற்கு முன் எழுதப்பட்ட விலைப்பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

## லண்டன் மாமா, ரொறன்ரோ மச்சான்

நம் பகுதியில் ஏற்றுமதிக் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்க்கடைகள், கோவில் திருவிழாக்கள், கலியாண வீடுகள் என்று அங்கே ஒரு சந்தை இருக்கிறது. ருசி தெரிந்த சந்தை. வேறு எந்த ஆலோசகரும் சொல்லமுடியாததை மாமா சொல்வார்: எந்தப் பொதி அளவு விலைபோகும், பக்கத்துக் கடையில் அதே சாமான் என்ன விலை, இந்தியப் பொருளோடு போட்டியிட முடியுமா. மொழிச் சிக்கல் இல்லை, இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப்பில் கேட்கலாம். வேறு எந்த வழியிலும் இவ்வளவு மலிவாகச் சந்தை ஆய்வு கிடையாது.

ஆனால் மாமாவுக்குத் தெரிந்தது கடையின் தட்டு. எல்லை விதி அவருக்குத் தெரியாது. இதற்கு நல்ல உதாரணம் கருவாடு. "நான் ஒவ்வொரு முறையும் சூட்கேசில் கொண்டு வாறன், ஒருத்தரும் கேக்கேல்லை" என்பார். கேட்கமாட்டார்கள்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் பயணி தன் சொந்தத் தேவைக்கு 20 கிலோ வரை மீன் பொருள் கொண்டுபோகலாம். விற்பதற்கு என்றால் கதையே வேறு: கடற்றொழில் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்று ஒன்றியத்தின் பட்டியலில் ஏறிய நிலையத்தில் பதப்படுத்தியிருக்க வேண்டும், சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், பிடிபட்ட மீனுக்கு 2010 முதல் நடைமுறையிலிருக்கும் பிடிப்புச் சான்றிதழும், அதாவது மீன் முறைப்படி பிடிக்கப்பட்டது என்ற சான்றும் வேண்டும். முறையற்ற மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று 2015 தொடக்கத்தில் இலங்கை மீனுக்கே ஒன்றியம் தடை போட்டு, 2016இல்தான் நீக்கியது. அவ்வளவு கண் வைத்திருக்கும் பொருள் அது. கிண்ணியாக் கடற்கரையில் பாய் விரித்துக் காயவைத்த கருவாட்டுக்கு அந்த வழி இன்று திறந்திருக்கவில்லை. அந்த வீட்டுக்காரருக்கு நான் சொல்வது வேறு, கீழே வரும்.

லேபிள் இரண்டாவது குழி. எள்ளு ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் கட்டாயம் எடுத்துக்காட்டவேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று. அமெரிக்காவும் 2023 ஜனவரி முதல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எள்ளுருண்டையில் எள்ளு இருப்பது யாருக்குத் தெரியாது என்று கேட்டுப் பயனில்லை, சேர்மானப் பட்டியலில் அது தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். பிரித்தானியாவில் விற்கும் பொதியில் அந்நாட்டு முகவரி இருக்கவேண்டும், கனடா என்றால் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும். லேபிளை அச்சடித்தபின் இதெல்லாம் தெரியவந்தால் ஆயிரக்கணக்கில் அச்சான உறை வீண். நல்ல விடயம், மாமாவிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரருக்குச் சரக்குக் கொடுக்கும் பதிவுபெற்ற இறக்குமதியாளர் ஒருவர் அங்கே இருப்பார். மாமாவிடம் கேட்கவேண்டியது அந்த ஆளின் தொடர்பைத்தான். அவர் பையிலிருந்து பணம் போகும் என்பதால் லேபிள் மாதிரியை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கூடத் தருவார்.

மூன்றாவது, பணம். சொந்தத்துக்குள் முன்பணம் கேட்க வாய் வராது. விற்றபின் தருகிறேன் என்பது ஆறு மாதமாகும். அதைவிட மோசம் உண்டியல். மாமா அங்கே ஒருவரிடம் பவுண் கொடுக்க, இங்கே ஒருவர் வீட்டுக்கு வந்து ரூபா தந்துவிட்டுப் போவார். சுலபம்தான், ஆனால் ஏற்றுமதி செய்த பொருளின் பணம் வங்கி வழியாக, மத்திய வங்கி விதித்த காலத்துக்குள் நாட்டுக்குள் வந்ததாகக் காட்டவேண்டும். உண்டியலில் வந்த பணத்துக்குக் காட்ட எதுவும் இல்லை. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது நீங்கள் ஏற்றுமதியே செய்யாதவர் ஆகிவிடுகிறீர்கள்.

## கொழும்பு ஏற்றுமதி நிறுவனத்துக்கு விற்பது

இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்குகிறது. நம் பொருள் அவன் பெயரில் போவதா என்று. நான் இதை மரியாதையான வழியாகவே பார்க்கிறேன். அங்கீகாரம், ஆய்வுகூடப் பரிசோதனை, சுங்கம், நாணயமாற்று எல்லாம் அவர்கள் தலையில். உங்கள் வேலை, சொன்ன தரத்தில் சொன்ன நாளில் கொடுப்பது.

தகவல் தரும் இடமாகவும் இது பெறுமதியானது. அவர்கள் தரும் தர விபரத்தாள் வெளிநாட்டு வாங்குநர் கேட்பதன் நேரடிப் பிரதி: ஈரப்பதம் எவ்வளவு, அளவு எவ்வளவு, எந்தப் பரிசோதனை. மிளகாய்த்தூள் என்றால் ஐரோப்பாவுக்கு அஃப்ளாடொக்சினின் ஒரு வகையான பி1 கிலோவுக்கு 5, எல்லா வகையும் சேர்த்து மொத்தம் 10 மைக்ரோகிராம் என்ற எல்லையை அவர்கள் சும்மா சொல்வதில்லை, தாண்டினால் அவர்கள் கொள்கலனே திரும்பி வரும். ஒருமுறை உங்கள் சரக்கை அவர்கள் நிராகரித்தால் ஏன் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயிற்சி வகுப்பில் இருந்து கற்பதைவிட அந்த ஒரு தாளில் கற்பது அதிகம்.

மறைந்த செலவு: விலை. இறுதி விலையில் சிறு பங்குதான் உங்கள் கைக்கு வரும், அதுவும் 30 அல்லது 60 நாள் கழித்து. வாங்குகிறவர் யார் என்று கடைசி வரை தெரியாது. ஒரே நிறுவனத்தை நம்பி இயந்திரம் வாங்கிப் போட்டால், அவர்கள் அடுத்த வருடம் அநுராதபுரத்தில் மலிவாக எடுக்கும்போது உங்கள் இயந்திரம் சும்மா நிற்கும்.

## வர்த்தக சம்மேளனம், வங்கி

மாவட்டச் சம்மேளனத்தில் ஏற்றுமதி ஆலோசனை என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஏற்கெனவே அனுப்புகிற ஒருவரை அறிமுகப்படுத்தினால் சந்தாக் காசு தேறிவிட்டது. கொழும்பில் 1839இல் தொடங்கிய இலங்கை வர்த்தக சம்மேளனம், 1997இல் உருவான தேசிய ஏற்றுமதியாளர் சம்மேளனம் போன்றவை மாதந்தோறும் அனுப்பத் தொடங்கியபின் பார்க்கவேண்டியவை.

வங்கியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பணம் வராமல் போவது எப்படி என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நாணயக் கடிதம் (வாங்குகிறவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்பது), கடதாசி கொடுத்துப் பணம் எடுக்கும் முறை, கடனுக்கு விடுவது இவற்றின் வேறுபாட்டை இலவசமாக விளக்குவார்கள். திருகோணமலைக் கிளை கொழும்பிலுள்ள வணிகப் பிரிவுக்கு அனுப்பும், அது பரவாயில்லை. முன்பின் அறியாத வாங்குநருக்குக் கடனில் அனுப்பத் துணிவதற்கு முன் இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் காப்புறுதி பற்றியும் கேட்டுவையுங்கள்.

## இணையத்தில் இலவசமாக

ஆங்கிலம் வாசிக்கும் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வழியை முதலில் வையுங்கள். தேவைப்படுவது ஒரே ஒரு திறவுகோல்: எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதும் ஒன்றே. காய்ந்த மீன் 0305இல், அரைத்த மிளகாய் 0904.22இல், முடைந்த கூடை பெட்டிகள் 4602இல். இந்த எண்ணைப் போட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அக்சஸ்டுமார்க்கெட்ஸ் தளம் அந்நாட்டு வரி, சலுகை, தேவைப்படும் சான்றிதழ் எல்லாவற்றையும் காட்டுகிறது. ஜெனீவாவிலுள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் டிரேட் மேப் எந்த நாடு யாரிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும். நெதர்லாந்தின் சிபிஐ நிறுவனம் வளரும் நாட்டு ஏற்றுமதியாளருக்கென்றே எழுதும் சந்தை அறிக்கைகள் பல ஆலோசகர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொல்வதைவிடத் தெளிவு. இலங்கைப் பக்க நடைமுறைக்கு வர்த்தகத் திணைக்களத்தின் வர்த்தகத் தகவல் தளம்.

குறியீட்டைத் தவறாக எடுத்தால் எல்லாப் பதிலும் தவறு. ஆகவே குறியீட்டை மட்டும் சுங்கத்திலோ ஏஜென்டிடமோ உறுதிசெய்துகொண்டு தேடுங்கள்.

## காசுக்கு ஆலோசகர், கைகொடுக்கும் திட்டங்கள்

ஆலோசகர் சிலர் நல்லவர்கள், குறிப்பாக உணவுப் பாதுகாப்பு முறைகளை அமைத்துத் தருகிறவர்கள். இலவசமானதை விற்கிறவர்களை மட்டும் கவனியுங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் உணவு நிலையத்தைப் பதிவுசெய்ய அரசுக் கட்டணம் ஒன்றும் இல்லை. அந்நாட்டில் ஒரு முகவரைக் காட்டவேண்டும், இரட்டை ஆண்டு தோறும் புதுப்பிக்கவேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பளபளக்கும் "சான்றிதழ்" தந்து நூற்றுக்கணக்கான டொலர் எடுப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அந்த நிர்வாகம் அப்படிச் சான்றிதழ் எதுவும் வழங்குவதில்லை.

தொண்டு நிறுவனத் திட்டங்கள் இயந்திரம் தரும், பொதியிடப் பழக்கும், கண்காட்சிக்குக் கூட்டிப்போகும். கிடைத்தால் எடுங்கள். ஆனால் திட்டம் முடியும் திகதியை முதல் நாளே கேளுங்கள். பல வருடம் இங்கே பணம் போட்ட அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் யூஎஸ்எய்ட் 2025இல் மூடப்பட்டதும் அதை நம்பியிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகத் தெரிந்தது | மறைந்த செலவு | தமிழில் | பிழைத்தால் நோவது |
|---|---|---|---|---|
| சபை, வர்த்தகத் திணைக்களம் | உள்நாட்டு விதி, சலுகை வரி | பயணம், அலைச்சல் | எழுத்தில் கேட்டால் முடியும் | நீங்கள் |
| ஏஜென்ட் | சுங்கம், கப்பல் | கனவளவு, இறங்கும் இடக் கட்டணம் | ஆளைப் பொறுத்து | நீங்கள் |
| புலம்பெயர் உறவு | ருசி, கடை விலை | பிந்தும் பணம், உண்டியல் | முழுவதும் | நீங்களும் உறவும் |
| அங்குள்ள இறக்குமதியாளர் | லேபிள், எல்லை விதி | விலையை அழுத்துவார் | சில வேளை | அவரும்தான் |
| கொழும்பு நிறுவனம் | தர விபரம் | குறைந்த விலை, கடன் நாள் | ஆளைப் பொறுத்து | பெரும்பாலும் அவர்கள் |
| வங்கி | பணம் பெறும் முறை | குறைவு | கிளையில் முடியும் | இருவரும் |
| இணையத் தளங்கள் | அந்நாட்டு வரி, சான்றிதழ் | ஆங்கிலம், நேரம் | அரிது | நீங்கள் |

## யாருக்கு எது

கருவாட்டுக்காரர்: கொழும்பு நிறுவனம், அல்லது அங்கீகாரம் பெற்ற பதப்படுத்தும் நிலையம். பாயை விட்டுத் தரையிலிருந்து உயர்த்திய தட்டில் காயவைக்கவும், பிடித்த படகின் பதிவை எழுதிவைக்கவும் இப்போதே தொடங்கினால் அவர்கள் உங்கள் சரக்கை எடுக்க இடமுண்டு. தனி ஏற்றுமதிப் பதிவுக்கு அலைவது இப்போது வீண் செலவு.

எள்ளுருண்டை, வறுத்த மா, மிளகாய்த்தூள்: உறவில் தொடங்கி ஒரு கிழமைக்குள் அவர் வழியாகப் பதிவுபெற்ற இறக்குமதியாளரிடம் போய்விடுங்கள். லேபிளை அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கியபின், பரிசோதனை அறிக்கைக்கு கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடம். சபையில் பதிவதை அதன்பின் வைத்துக்கொள்ளலாம். அரைவாசிப் பணம் முன்கூட்டி வங்கிக்கு வந்தபின்னரே அடுப்பை மூட்டுங்கள், மாமாவாக இருந்தாலும்.

பனையோலைப் பெட்டி: இங்கேதான் அபிவிருத்திச் சபை முதலிடம். கைவினைப் பொருளுக்கு உணவு விதியும் ஒவ்வாமைப் பட்டியலும் இல்லை. வாங்குகிறவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், அதைச் செய்யத்தான் சபை இருக்கிறது. தமிழ்க்கடை இதற்குச் சரியான சந்தையும் அல்ல. வீட்டலங்காரப் பொருள் எடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களோடு கண்காட்சியில் சந்திப்பு வாய்த்தால் அதற்காகக் கொழும்புக்குப் போவது நியாயம். போகும்போது மாதிரியோடு அட்டைப்பெட்டி அளவுக்கு எத்தனை அடங்கும் என்ற கணக்கையும் கொண்டுபோங்கள், அவர்கள் கேட்கும் இரண்டாவது கேள்வி அது. ஓலை தாவரப் பொருள் என்பதால் அனுப்பும் நாட்டைப் பொறுத்துத் தாவர நலச் சான்றிதழும் பூச்சி இல்லாமல் உலர்த்துவதும் தேவைப்படலாம். விலை சொல்லுமுன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பொருளானாலும், வாங்குகிறவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் முதலில் வரட்டும்: என்ன அளவு, என்ன லேபிள், எந்தச் சான்றிதழ், எந்தத் துறைமுகம் வரை, பணம் எப்போது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனால் கொழும்பில் எந்த மேசையிலும் உங்களுக்குப் பொதுப் பேச்சுப் பேச முடியாது. அந்த மின்னஞ்சலைத் தர மறுக்கிற வாங்குநருக்காக எந்த அலுவலகத்துக்கும் போகத் தேவையில்லை.